தடி யார் கையில் இருந்தாலும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "தனிமனிதச் சுதந்திரத்துக்குப் பெரிய ஆபத்து ஊர்க்கட்டுப்பாடா, அரசதிகாரமா?" என்பது தலைப்பு. அரசதிகாரமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அம்மா, "ஊரும் சாதியும் கழுத்தை நெரிக்கும்போது காப்பாற்ற வருவது அரசுதானே?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார். நானும் தட்டினேன். நல்ல கேள்வி என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கீழவெண்மணிக்கு வந்ததா அம்மா? 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதாரரை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. காப்பாற்ற வேண்டிய இடத்தில் வராத அரசு, வேண்டாத இடத்தில் எப்படி வந்தது என்று பாருங்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் ரேகைச் சட்டம் என்பார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வட இந்தியாவில் கொண்டுவந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். திருடியிருக்க வேண்டும் என்று அவசியமில்லை, அரசு குறித்துவைத்த சாதியில் பிறந்திருந்தாலே போதும். பெயரைப் பதிந்து கைரேகை எடுத்துக்கொள்வார்கள். ராத்திரி ஊரைவிட்டு வெளியே போக ராத்திரிச் சீட்டு வேண்டும். ஊரார் ஒருவரை ஏசலாம், ஒதுக்கலாம், அடிக்கவும் செய்யலாம். அதெல்லாம் கொடுமைதான், இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு சாதியையே குற்றவாளி என்று அரசிதழில் அச்சடிக்கவும், மறுப்பவனைச் சுட்டுவிட்டு அதைச் சட்டப்படி சரி என்று சொல்லவும் எந்த ஊர்ப் பஞ்சாயத்தால் முடியும்? உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மாட்டோம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

"அது வெள்ளைக்காரன் அரசு" என்பீர்கள். அந்தச் சட்டத்தை 1947இல் இங்கே எடுத்தார்கள், மறு வருஷமே, திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்களுக்கு என்று சொல்லி, வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று ஒன்று வந்துவிட்டது. சரி, நம் தலைவர்களையே பார்ப்போம். காங்கிரஸ்காரர்களை உள்ளே தள்ள வெள்ளைக்காரன் 1932இல் ஒரு குற்றவியல் திருத்தச் சட்டம் போட்டான். காங்கிரஸ் அதை அடக்குமுறை என்று கண்டித்தது. 1937இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர் ஆனார், இன்றைய முதல்வர் மாதிரி. மறு வருஷம் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்தவர்கள் மேல் அதே சட்டத்தை ஏவினார். சிறைக்குப் போன நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிரோடு வீடு திரும்பவில்லை. அதே ராஜாஜிதான் 1959இல், பதவி இல்லாத காலத்தில், சுதந்திரா கட்சி தொடங்கி "பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம் ஒழிய வேண்டும்" என்றார், அதாவது தொழில் செய்ய எதற்கெடுத்தாலும் அரசிடம் அனுமதி கேட்டு நிற்கும் ஆட்சி. நாற்காலியில் இருந்தபோது தெரியாதது இறங்கியதும் தெரிந்திருக்கிறது! அவ்வளவு படித்த, கை சுத்தமான மனிதருக்கே இந்தக் கதி என்றால், நல்லவரை உட்காரவைத்தால் போதும் என்ற எதிரணி வாதம் என்ன ஆகிறது?

இன்னொரு சென்னைக்காரர் எம்.பி.டி. ஆச்சார்யா. பாரதியோடு 'இந்தியா' பத்திரிகையில் இருந்தவர். நாட்டைவிட்டுப் போய், 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். தொழிலாளர் பெயரால் நடந்த சோவியத் அரசைக் கிட்டத்தில் பார்த்தவர், அப்புறம் அரசே வேண்டாம் என்ற அராஜகவாதியாகிவிட்டார். ராஜாஜி வலது, இவர் இடது. இருவரும் ஒரே பூதத்தைத்தான் காட்டினார்கள்.

எதிரணியின் கடைசி நம்பிக்கை கோர்ட். நெருக்கடி நிலைக் காலத்தில், விசாரணையில்லாமல் சிறைவைக்கப்பட்டவர்களின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றால்கூட கோர்ட்டில் முறையிட வழி இல்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்று அரசு வழக்கறிஞர் ஒப்புக்கொண்டார். ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் 1976இல் அரசுப் பக்கம் தீர்ப்பு எழுதினார்கள். எதிர்த்து எழுதிய கன்னாவுக்கு மறு வருஷம் வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி வரவில்லை. அந்தத் தீர்ப்பைத் தவறு என்று அதே நீதிமன்றம் சொன்னது 2017இல்.

இடையில் அந்த 41 வருஷம் எந்த அரசை நம்பியிருக்க வேண்டும் என்பதை எனக்குப் பின்னால் பேச வரும் எதிரணி ஐயா சொல்லட்டும். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். நன்றி, வணக்கம்.