கம்பம் இருந்தால் கம்பியும் உண்டு

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். சாலை விபத்தில் படுகாயமுற்றவரை ஏற்றிச் செல்ல மருத்துவ ஹெலிகாப்டர் வரும்போது, அது இறங்கும் இடத்தைத் தரையில் இருப்பவர்கள் எப்படிக் காக்க வேண்டும் என்பதே இன்றைய என் பேச்சு. 1970ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் 'கிறிஸ்டோஃப் 1' என்ற மீட்பு ஹெலிகாப்டர் பணியைத் தொடங்கியது. 1972இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு மருத்துவமனை தனக்கென்றே ஹெலிகாப்டர் சேவையை ஏற்படுத்திக்கொண்டது. அன்றிலிருந்து இயந்திரங்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆயினும் சாலையோரத்தில் இறங்கும்போது, கடைசிச் சில நூறு அடிகளுக்கு விமானி இன்றும் தரையில் நிற்கும் ஒருவருடைய கண்களைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறார்.

மருத்துவமனை மாடியில் உள்ள இறங்குதளம் முன்கூட்டியே அளந்து, விளக்கிட்டு, சோதித்து வைக்கப்பட்டது. சாலையோரத்து இடத்தையோ, காயமுற்றவர் வலியில் துடித்துக்கொண்டிருக்கும் வேளையில், அங்கிருக்கும் காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் சில நிமிடங்களில் தேர்ந்தெடுத்தாக வேண்டும். நீளத்திலும் அகலத்திலும் நூறு அடி, அதாவது ஏறத்தாழ முப்பது மீட்டர், வெட்டவெளி வேண்டும் என்பது பல சேவைகள் கேட்கும் அளவு. தரை உறுதியாகவும், கூடுமானவரை சமமாகவும் இருக்க வேண்டும். ஹெலிகாப்டர் நேர் செங்குத்தாக இறங்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது காற்றை எதிர்கொண்டு சாய்வாகத் தாழ்ந்து வருகிறது. ஆகவே இறங்கும் சதுரம் மட்டுமன்றி, அது வரும் வழியும் போகும் வழியும் தடையின்றி இருக்க வேண்டும்.

அந்த வழியில் நான் மிகவும் அஞ்சுவது மின்கம்பியைத்தான். மேலிருந்து பார்க்கும் விமானிக்குக் கம்பி தரையின் நிறத்தோடு கலந்து மறைந்துபோகிறது, பட்டப்பகலிலும் அப்படித்தான். ஆகவே கம்பியைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள். கம்பம் இருந்தால் கம்பியும் உண்டு என்றே கொள்ளுங்கள்.

இதை நான் ஒரு பயிற்சி வகுப்பில் கண்கூடாகப் பார்த்தேன். சாலையை ஒட்டிய ஒரு திடலைப் பார்த்துவிட்டு வருமாறு பயிற்சிக்கு வந்தவர்களை அனுப்பினேன். திரும்பி வந்தவர்கள், சாலைக்கு இணையாக ஓடும் மின்பாதையைத் தவிர வேறு தடை எதுவும் இல்லை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். நான் மறுப்பேதும் சொல்லாமல், திடலின் நான்கு மூலைகளிலும் நின்று, ஒவ்வொரு மூலையிலும் ஒரு முழுச் சுற்று திரும்பி, அண்ணாந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். முதல் இரண்டு மூலைகளில் எதுவும் தென்படவில்லை. மூன்றாவது மூலையில் நின்ற இளைஞர் சட்டென்று கையை உயர்த்தினார். சாலையோரக் கம்பம் ஒன்றிலிருந்து ஒற்றைக் கம்பி பிரிந்து, திடலின் ஓரத்தைக் குறுக்காகக் கடந்து, மரங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு கட்டடத்துக்குச் சென்றது. மற்ற இடங்களிலிருந்து பார்த்தபோது அது இலைகளின் பின்னணியில் மறைந்திருந்தது. அந்த ஒரு மூலையில் மட்டும் வானத்தின் மீது கோடாகத் தெரிந்தது. அதன் பிறகு கம்பியைப் பற்றி நான் அவர்களுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கம்பம் இருந்தால் கம்பியும் உண்டு. அது சாலையோடுதான் ஓடும் என்பதில்லை.

கண்டதை விமானியிடம் சொல்லும் முறையும் முக்கியமானது. "கம்பிகள் இருக்கின்றன" என்றால் போதாது; எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், எதற்குக் குறுக்காக என்று சொல்ல வேண்டும். வானொலிக் கருவியில் ஒருவர் மட்டுமே பேச வேண்டும். அவருக்கு அந்நேரத்தில் வேறு எந்த வேலையும் தரக் கூடாது. ஹெலிகாப்டர் தாழ்ந்துகொண்டிருக்கும்போது ஆபத்து எதையேனும் கண்டால், மேலதிகாரியின் அனுமதிக்குக் காத்திராமல் "இறங்க வேண்டாம்" என்று அவர் உடனே சொல்லிவிட வேண்டும். விமானி மேலெழுந்து மறுபடியும் சுற்றி வருவார்; அதில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

அடுத்து, சுழலி, அதாவது ஹெலிகாப்டரின் மேலே சுழலும் இறக்கைத் தொகுதி, கீழே தள்ளும் காற்று. அது புயல்போல் வீசும். சரளைக்கல், தார்ப்பாய், படுக்கை விரிப்பு, தொப்பி ஆகியவற்றோடு எல்லை குறிக்கக் கட்டிய நாடாவும் பறக்கும். இவற்றை முன்பே அகற்ற வேண்டும். காயமுற்றவரின் கண்களையும் காயங்களையும் மூடி வைக்க வேண்டும். போக்குவரத்தை இரு திசைகளிலும் நிறுத்த வேண்டும். எதிர்ப்பக்கத்தில் வேடிக்கை பார்த்தபடி ஓட்டுபவரால் இன்னொரு விபத்து நேரக்கூடும்.

மக்களை இருநூறு அடிக்கு அப்பால் நிறுத்துங்கள். வால்பகுதிச் சுழலி சுழலும் வேகத்தில் அது இருப்பதே கண்ணுக்குப் புலப்படாது. அந்தப் பக்கம் எவரும் போகவே கூடாது. ஹெலிகாப்டர் குழுவினர் அழைத்த பின்பே, விமானியின் பார்வை படும்படி ஹெலிகாப்டரின் முன்புறத்திலிருந்து, குனிந்தபடி செல்ல வேண்டும். சரிவான தரையில் மேட்டுப் பக்கத்திலிருந்து நெருங்கவே கூடாது. அங்கே சுழலிக்கும் தலைக்கும் உள்ள இடைவெளி குறைவு. சுழலி வேகம் தணியும்போது அதன் இறக்கைகள் முன்னைவிடத் தாழ்ந்து தொங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரவு நேர இறக்கத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த விளக்கையும் மேல்நோக்கிக் காட்டாதீர்கள். விமானியின் கண் கூசும், அவர் இரவுப் பார்வைக் கருவி அணிந்திருந்தால் அதுவும் பாதிக்கப்படும். ஹெலிகாப்டர் புறப்பட்ட பின்னும் சில நிமிடங்கள் திடலைக் காலியாகவே வைத்திருங்கள். ஏதேனும் கோளாறு என்றால் அது அங்கேயே திரும்பி இறங்க வேண்டியிருக்கும். வணக்கம்.