99 சதவீதமாம்! கிணத்துத் தண்ணியில செய்து காட்டுங்கோ பாப்பம்

வணக்கம், எல்லாரும் எப்பிடி இருக்கிறியள்? சுகம் விசாரிப்பு இவ்வளவும்தான், இண்டைக்கு எனக்குச் சரியான கடுப்பு. ஒரு கிழமையா ஒரே வீடியோத் துண்டைத்தான் எல்லாரும் அனுப்பிக்கொண்டு இருக்கிறியள். ரைற்றேனியம் டைஒக்சைட் நனோத் துகளைப் போட்டு, யூவீ விளக்கும் அடிச்சு, கழிவுத் தண்ணியில இருந்து அன்ரிபயோட்டிக்கை 99 சதவீதம் எடுத்தாச்சாம். என்னைத் தெரியும்தானே, சதவீதத்தைக் கண்டா முதல் கேள்வி "எதில 99?" நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தன். கழிவுத் தண்ணியும் இல்லை, ஒண்டும் இல்லை. காய்ச்சி வடிச்ச தண்ணி, அதுக்குள்ள லீற்றருக்கு 100 மில்லிகிராம் சிப்ரோபுளொக்சசின் எண்ட அன்ரிபயோட்டிக், சுருக்கமாச் சிப்ரோ.

கணக்கைப் பாருங்கோ. நூறில 99 போனா மிச்சம் 1 மில்லிகிராம், 1000 மைக்கிரோகிராம். சிப்ரோவுக்கு மசியாத பக்ரீரியா பெருகாமல் இருக்கிறதுக்கு 2016 இல ஆய்வாளர்மார் கணிச்ச எல்லை லீற்றருக்கு 0.064 மைக்கிரோகிராம். அப்ப அந்தச் "சுத்தமான" தண்ணியில எல்லையைவிட 15,000 மடங்குக்கு மேல கிடக்கு! சரி, 100 மில்லிகிராம் எங்கயாவது ஓடுதோ? ஹைதராபாத்துக்குக் கிட்ட பட்டஞ்செருவில, கிட்டத்தட்ட 90 மருந்துக் கொம்பனியளின்ர கழிவு வாற நிலையத்தில, 2007 இல வெளிவந்த அளவே கூடினது 31 மில்லிகிராம். அதுக்கே உலகம் வாயைப் பிளந்தது. ஆஸ்பத்திரிக் கழிவெண்டா மைக்கிரோகிராம் கணக்குத்தான் வரும்.

அதால இண்டைக்கு லீற்றருக்கு 10 மில்லிகிராமில செய்வம். அதுவும் கூடத்தான். ஆனா கம்பஸ் லாபில மருந்தின்ர அளவை ஒளியால பாக்கிற யூவீ கருவியை 1 மில்லிகிராமுக்குக் கீழ நம்பேலாது.

எங்கட முறை, மருந்தைத் தன்னில ஒட்டவைக்கிற, காந்தத்தால இழுத்தெடுக்கக்கூடிய கரித் தூள். முதல்ல அதைச் செய்யிறது. போன வீடியோவில சுட்ட ஊமல் (பனங்கொட்டைக் கோது) கரி ஞாபகம் இருக்கும். 500 பாகையில, மூடின கிண்ணத்தில, ரெண்டு மணித்தியாலம். அதை அரைச்சு, அரிச்சு, 5 கிராம் எடுங்கோ. பிறகு இரும்பு உப்பு ரெண்டு, ரெண்டும் தண்ணி சேர்ந்த பளிங்கு: பெரிக் குளோரைட் (ஹெக்ஸாஹைட்ரேற்) 5.4 கிராம், பெரஸ் சல்பேற் (ஹெப்டாஹைட்ரேற்) 2.78 கிராம், காய்ச்சி வடிச்ச தண்ணி 100 மில்லிலீற்றர். கரைச்சு, கரியைப் போட்டு, 60 பாகைக்குச் சூடாக்கிக் கலக்கிக்கொண்டு அமோனியாவைத் துளித் துளியா விடுங்கோ. பீஎச் 10 வரவேணும். கரியும் கறுப்பு, வாற மக்னரைற்றும் (காந்தம் இழுக்கிற இரும்பு ஒட்சைட்) கறுப்பு, அதால கண்ணால ஒண்டும் விளங்காது. அதுக்குத்தான் கரி போடாமல் சின்னப் போத்தலில ஒண்டு சமாந்தரமாச் செய்யச் சொல்லுறனான். துளி விழுந்த இடம் உடன கறுக்கவேணும். மண்ணிறமா வந்தா பிழைச்சுப் போச்சு.

ஏன் பிழைக்குது? பெரஸ் சல்பேற் பழசு. பச்சைக் கல்லுக்கு மேல மஞ்சள் பூத்தமாதிரி இருந்தா அது காத்துப் பட்டுப் பெரிக்கா மாறியிட்டுது. எங்களுக்குத் தேவை பெரிக் ரெண்டு பங்கு, பெரஸ் ஒரு பங்கு. அந்தப் பங்கு குழம்பினா வாறது துருதான். பெரிக் குளோரைட் வேற ஈரத்தை இழுத்து உருகும், நிறுக்கேக்க இழுபடாதேங்கோ.

ஐயோ, மறந்துபோனன்! தண்ணியை முதல்ல 10 நிமிசம் கொதிக்க வைச்சு, மூடி ஆறவிட்டிட்டுத்தான் இரும்பு உப்பைப் போடவேணும். கரைஞ்சிருக்கிற ஒட்சிசன் போகவேணும். நைதரசன் சிலிண்டர் இருந்தா நல்லம், இல்லாட்டி இதாவது. கரியையும் முதலே கழுவவேணும், சாம்பல் காரம் பீஎச்சைக் கெடுக்கும். அமோனியாவை அறைக்குள்ள திறக்காதேங்கோ, கண்ணாடி போடுங்கோ.

இப்ப, தூளைத் தண்ணியில இருந்து இழுத்தெடுக்கிற என்ர செல்லம். இதைப் பாருங்கோ, கிட்டக் காட்டுறன். ஹார்ட் டிஸ்க் காந்தம்! கடையில புதுசா நியோடைமியம் காந்தம் வாங்கக் காசு குடுக்காதேங்கோ, தயவுசெய்து. கொம்பியூட்டர் திருத்திற கடையளில செத்த ஹார்ட் டிஸ்க் சும்மா கிடக்கும். மேசைக் கொம்பியூட்டரின்ர பெரிய 3.5 அங்குலத்தைக் கேளுங்கோ. லப்ரொப்பின்ரயில காந்தம் சின்னன். எஸ்எஸ்டியில காந்தமே இல்லை, அதை உடைச்சுப்போட்டு என்னைத் திட்டக் கூடாது. நட்சத்திரத் திருகாணியைக் கழட்டினா, தட்டை வாசிக்கிற சின்னக் கையின்ர அடியில வளைஞ்ச ரெண்டு காந்தத் துண்டு. விரலை நடுவில வைக்காதேங்கோ, நசிச்சுப்போடும். பழைய ஸ்பீக்கர் காந்தம் காணாதோ எண்டு கொமென்ற்றில கேக்கிறியள். இழுக்கும், ஆனா விடிஞ்சிடும்.

இஞ்ச, முகவையின்ர பக்கத்தில பிடிக்கிறன். பாத்தியளோ, கறுப்பு முழுக்க நடந்து வந்து ஒட்டுது, நாக்குமாதிரி. தண்ணி தெளியுது. தெளியேக்க ஒரு தேத்தண்ணி நிறம் மிஞ்சினா அது துரு, காந்தத்துக்கு வராது. ஊத்திப்போட்டுத் திரும்பக் கழுவுங்கோ, கழுவுத் தண்ணி பீஎச் 7 க்குக் கிட்ட வரும்வரைக்கும். காந்தத்தை உள்ளுக்கு மட்டும் விடாதேங்கோ, அந்தத் தூளை அதில இருந்து பிறகு கழட்டேலாது.

இனிச் சோதனை. நாலு போத்தல், ஒவ்வொண்டிலும் 100 மில்லிலீற்றர், சிப்ரோ லீற்றருக்கு 10 மில்லிகிராம் கணக்கு. ஒண்டு வடிச்ச தண்ணி, ஒண்டு வீட்டுக் கிணத்துத் தண்ணி, ஒண்டு வடிகட்டின கழிவுத் தண்ணி. மூண்டுக்கும் 50 மில்லிகிராம் தூள். நாலாவது கிணத்துத் தண்ணி, தூள் இல்லை. வெளிச்சம் மருந்தை உடைக்கும், அதால அலுமினியப் பேப்பரால சுத்துங்கோ. 5, 15, 30, 60, 120 நிமிசத்தில எடுத்து 275 நனோமீற்றர் பக்கம் பாருங்கோ. குவாட்ஸ் கிண்ணம் வேணும், சாதாரண கண்ணாடி அந்த ஒளியை விழுங்கும். சைபர் வைக்கிறதும் அந்தந்தத் தண்ணியாலதான், மருந்து போடாத தண்ணி.

குளிசையை இடிச்சுப் போடலாமோ எண்டு கேட்ட தம்பிக்கு: கூடாது. நிரப்பு மாவு இருக்கு, மேற்பூச்சில ரைற்றேனியம் டைஒக்சைட்டும் இருக்கிறது வழமை. சுத்தமான தூள் எடுங்கோ.

லீற்றருக்கு 10 மில்லிகிராமில இருந்து 4 க்கு வந்துதெண்டு வையுங்கோ. 6 ஐ 0.1 லீற்றரால பெருக்கி 0.05 கிராமால பிரியுங்கோ, ஒரு கிராம் தூள் பிடிச்சது 12 மில்லிகிராம். வடிச்ச தண்ணியில வாற அளவைவிடக் கிணத்துத் தண்ணியில வாறது குறைஞ்சா பதறாதேங்கோ. எங்கட தண்ணி சுண்ணக்கல்லுக்குள்ளால வாறது, கேத்திலுக்க படியிற வெள்ளையைப் பாருங்கோ. கல்சியம், மக்னீசியம் சிப்ரோவைப் பிடிச்சுக்கொள்ளும், தூளின்ர இடத்தையும் பிடிக்கும். ரெற்றாசைக்கிளின் எண்ட மற்ற அன்ரிபயோட்டிக்கில இது இன்னும் மோசம், யூவீ கருவி காட்டுற உச்சியே வலப்பக்கம் நகரும். அந்த வீடியோவில இருக்கிற ரைற்றேனியம் டைஒக்சைட்டும் யூவீ விளக்கும் முறைக்கு இந்தத் தண்ணியில இருக்கிற பைகாபனேற் எமன்: மருந்தை உடைக்கிற ஹைட்ரொக்சில் றடிக்கலை அதுவே குடிச்சிடும். விளக்கு வழிக்கு நான் விரோதியில்லை, ஆனா எங்கட தண்ணிக்குக் கரி வழிதான் என்ர கட்சி.

இன்னொரு பொறி, எடுத்த தண்ணியில தூள் வராமல் வடிக்கிற சிரிஞ்ச் பில்ரர். 0.45 மைக்கிரோன் எண்டா 450 நனோமீற்றர். எங்கட மக்னரைற்றுத் துணிக்கை பத்து, இருபது நனோமீற்றர், கரியில இருந்து கழண்டது நேர போயிடும். அது ஒளியைச் சிதறடிச்சு மருந்து கூடவா இருக்கிறமாதிரிக் காட்டும். நேரெதிரா, பில்ரரே மருந்தைப் பிடிச்சு நல்ல பேரும் வாங்கித் தரும். அதுக்குத்தான் நாலாவது போத்தல்: தூள் இல்லாமலே பில்ரருக்குப் பிறகு குறைஞ்சா, களவு பில்ரரில. முதல் 5 மில்லிலீற்றரை எடுக்காமல் விடுங்கோ. வசதி இருந்தா காந்தம் பிடிச்சபிறகு சென்ரிபியூஜில வேகமாச் சுத்தி மிச்சத் துணிக்கையை அடியில படியவிடுங்கோ.

பாவிச்ச தூளைத் தோட்டத்தில போடலாமோ எண்டும் ஒராள். இல்லை! மருந்து எங்கயும் போகேல்லை, தூளிலதான் ஒட்டிக்கிடக்கு. 0.1 மோலர் சோடியம் ஹைட்ரொக்சைட்டில ஒரு மணித்தியாலம் கலக்கிக் கழட்டலாம், ஆனா அந்தக் கரைசலில மருந்து இன்னும் செறிவா இருக்கும், அதைச் சிங்கில ஊத்தினா இவ்வளவும் செய்ததே வீண். போத்தலில பேர் எழுதி லாபின்ர அபாயக் கழிவுக்குக் குடுங்கோ. கழட்டின தூள் அஞ்சாம் தரம் எவ்வளவு பிடிக்குதெண்டு அடுத்த வீடியோவில ஓடவிடுறன், இந்தக் காந்தத்தோடதான்.