துணிச்சல்தான், கணக்கு அல்ல!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

ஸ்டான்லி கிரேமர் இயக்கி 1967-ல் வெளிவந்த 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்' படத்தின் நடிகர் தேர்வில் விஞ்சி நிற்பது துணிச்சலா, பாதுகாப்புக் கணக்கா என்பது தலைப்பு. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, கறுப்பின டாக்டரை வீட்டுக்கு அழைத்து வந்து, 'இவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன்' என்கிறாள். பெற்றோர் என்ன சொல்லப் போகிறார்கள் என்பதுதான் கதை. "டாக்டராக நடித்த சிட்னி பாய்ட்டியர் ஏற்கெனவே ஆஸ்கர் வாங்கியவர், எல்லோருக்கும் பிடித்த நடிகர். அவரைப் போட்டதில் என்ன துணிச்சல்?" என்று எதிரணித் தலைவர் கேட்டார்.

பாதுகாப்புக் கணக்கு என்றால் என்ன என்பதை நான் காட்டுகிறேன் ஐயா. 1949-ல் 'பிங்கி' வந்தது. கறுப்பினக் குடும்பத்துப் பெண்ணின் கதை. நடித்தது ஜீன் கிரெய்ன் என்ற வெள்ளைக்கார நடிகை. 1951-ல் 'ஷோ போட்'. அதில் கலப்பினப் பாடகி ஜூலியின் வேடத்தை, 1946-லேயே இன்னொரு படத்தின் ஒரு பகுதியில் கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் ஏற்றுப் பாடியிருந்தார். ஆனாலும் வாய்ப்பு போனது வெள்ளைக்கார நடிகை ஆவா கார்ட்னருக்கு. கதையில் இரண்டு இனம். கேமரா முன்னால் கட்டிப்பிடிப்பவர்கள் இருவரும் வெள்ளையர். கறுப்பர் வெள்ளையர் காதலைக் காட்டக்கூடாது என்று ஸ்டூடியோக்களின் தணிக்கை விதி 1950களின் நடுப்பகுதி வரை சொல்லிக்கொண்டிருந்தது. கிரேமர் அந்தக் கணக்கைத்தான் உடைத்தார்.

பாய்ட்டியரை எல்லோருக்கும் பிடிக்கும், சரி. காதலனாகப் பிடித்ததா? 1965-ல் 'எ பேட்ச் ஆஃப் ப்ளூ' படத்தில் அவரும் வெள்ளைக்கார நாயகியும் முத்தமிடும் காட்சியை அமெரிக்காவின் தென் மாநிலத் தியேட்டர்களுக்காக வெட்டினார்கள்! கிரேமர் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது 17 மாநிலங்களில் இந்தக் கல்யாணமே சட்ட விரோதம். படத்தில் டாக்டரின் அப்பாவே மகனிடம் அதைச் சொல்லிச் சத்தம் போடுகிறார். அந்தச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் செல்லாதென்று சொன்னது 1967 ஜூன் 12-ல். அதற்குள் படப்பிடிப்பே முடிந்துவிட்டது.

டாக்டர் ஏன் இவ்வளவு உத்தமர் என்றும் கேட்டார்கள். படித்தவர், உலகம் மதிக்கும் மருத்துவர். வேறு எந்தக் குறையும் சொல்ல வழியில்லாமல், நிறம் ஒன்றைத்தான் காரணம் காட்ட முடியும் என்கிற மூலைக்குப் பெண்ணின் அப்பாவைத் தள்ளுவதற்காகத்தான் அப்படி வைத்தார்கள்.

நாயகி கேதரின் ஹாட்டன், படத்தில் அம்மாவாக நடித்த கேதரின் ஹெப்பர்னின் தங்கை மகள், புதுமுகம். அது குடும்பத்துத் தேர்வுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நடுவர் அவர்களே, அந்த அப்பா வேடத்தைப் பாருங்கள். ஸ்பென்சர் ட்ரேசிக்கு அப்போது உடம்பு மிக மோசம். அவரை வைத்து எடுக்கும் படத்துக்குக் காப்பீடு தர ஆள் இல்லை. கணக்குப் பார்ப்பவர் அந்த இடத்திலேயே வேறு நடிகரைத் தேடியிருப்பார். கிரேமரும் கேதரின் ஹெப்பர்னும் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் சம்பளத்தையே ஈடாக வைத்தார்கள். ட்ரேசி தினமும் சில மணி நேரம்தான் வேலை செய்ய முடிந்தது. கடைசியில் அவர் பேசும் அந்த நீண்ட பேச்சின்போது ஹெப்பர்னின் கண்ணில் தெரிகிற நீரைப் பாருங்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது தன் வாழ்க்கைத் துணையை. படப்பிடிப்பு முடிந்து 17 நாளில் ட்ரேசி இறந்துபோனார். முடிந்த படத்தை ஹெப்பர்ன் பார்க்கவே இல்லை.

"கடைசியில் சம்மதம் சொல்வது வெள்ளைக்கார அப்பாதானே?" இது எதிரணியின் வலுவான கேள்வி. அந்த அப்பாவின் மனதைத் திருப்பியது யார்? டாக்டரின் அம்மா. அந்த வேடத்தில் நடித்த பியா ரிச்சர்ட்ஸ், பாய்ட்டியரைவிட ஏழு வயதுதான் மூத்தவர். ட்ரேசியோடு தனியாக நின்று பேசும் காட்சியில் அவர் குரலை உயர்த்துவதே இல்லை. 'வயதானால் ஆண்களுக்கு என்னதான் ஆகிவிடுகிறது? காதல் என்றால் என்னவென்றே மறந்துபோகிறீர்களே' என்கிற பொருளில், கெஞ்சாமல், கோபப்படாமல், நேருக்கு நேர் கேட்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் ட்ரேசி தனியே போய் யோசிக்கிறார். கடைசிப் பேச்சிலும், 'இந்த அம்மா என்னை எரிந்து போன வெற்றுக்கூடு என்கிறார்' என்று அவர் சொன்னதை எடுத்துத்தான் பதில் சொல்கிறார்.

ஹாலிவுட் அதுவரை கறுப்பின நடிகைகளுக்கு அள்ளிக் கொடுத்தது வேலைக்காரி வேடத்தை. இந்தப் படத்திலும் ஒரு வேலைக்காரி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ட்ரேசியை வாயடைத்து நிற்க வைக்கும் இடத்தைக் கிரேமர் ரிச்சர்ட்ஸிடம் கொடுத்தார். ஆஸ்கர் பரிந்துரையும் அவருக்கு வந்தது. இதில் எங்கே கணக்கு இருக்கிறது என்று அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.