கணக்கால் வந்த சண்டை

(நாகர்கோவிலில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

கணக்கு வருகிற சிறுவர் கதைகளில் பெரும்பாலும் ஒரே ஏற்பாடுதான். ஒரு மாமாவோ மந்திரவாதியோ வந்து புதிர் போடுவார். கெட்டிக்காரப் பிள்ளை விடை சொல்லும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். அந்தப் புதிரை எடுத்துவிட்டு விடுகதை ஒன்றை வைத்தாலும் கதை அப்படியே ஓடும். எனக்கு இது போதவில்லை. இரண்டு தோழிகள் பேசாமல் போவதற்கும், மறுபடி பேசுவதற்கும் அந்தக் கணக்கே காரணமாக இருக்க வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குச் சுற்றுலா போகிறார்கள் என்று வையுங்கள். பறளியாற்றுக்கு மேலே, 115 அடி உயரத்தில் தண்ணீர் கொண்டுபோகும் பாலம். தூண்கள் 28. அப்படியென்றால் பாலத்துக்கு எத்தனை கண், அதாவது அடியில் எத்தனை இடைவெளி? வேனில் பேச்சு கிளம்புகிறது. ஒருத்தி சட்டென்று 28 என்கிறாள். வகுப்பில் முதலாவதாக வருகிறவள், "இல்லட்டீ, 27" என்று கையை விரித்துக் காட்டுகிறாள். ஐந்து விரலுக்கு நடுவே நாலு இடைவெளிதானே! எல்லோரும் அவள் பக்கம். பின்சீட்டில் இருப்பவள் மலையாள வழிப் பள்ளியிலிருந்து புதிதாக வந்தவள். பேச்சைக் கேலி செய்கிறார்கள் என்று வாயே திறக்காதவள். அவள் மெதுவாக 29 என்கிறாள். வேனே சிரிக்கிறது.

ஆனால் அவள் நினைத்ததிலும் நியாயம் இருக்கிறது. பாலத்தின் இரண்டு ஓரமும் மலைக்கரையில் உட்கார்ந்திருந்தால், கரைக்கும் தூணுக்கும் நடுவே இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண். இரண்டு ஓரத்திலும் தூணே நின்றால் 27. ஒரு ஓரம் கரை, ஒரு ஓரம் தூண் என்றால் 28. யோசிக்காமல் சொன்னவளுக்கும் ஒரு பாலம் இருக்கிறது! ஆகவே யார் சரி என்று கேட்டால் போதாது. ஓரம் எப்படி இருக்கிறது என்று இறங்கிப்போய்ப் பார்க்க வேண்டும். மூன்று பேரும் சேர்ந்து நடக்கிற அந்த நடைதான் எனக்குக் கதை. விடையை நான் இங்கே சொல்லமாட்டேன். மாத்தூர் பக்கத்தில்தானே இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம், கூட்டாளிகள் சேர்வதிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்து பேர் ஒரு கூட்டம் என்றால் அவர்களுக்குள் 10 ஜோடி. ஆறாவதாக ஒருத்தி வந்தால் ஒரேயடியாக ஐந்து கூடி 15 ஆகிவிடும். வந்தவள் ஐந்து பேரோடும் தனித்தனியாகப் பழகியாக வேண்டும். புதுப் பள்ளியில் முதல் வாரம் ஏன் அவ்வளவு பாடு என்று நாம் எத்தனை அறிவுரை சொன்னாலும் புரியாது. அந்தப் பிள்ளையே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆறு புள்ளி வைத்துக் கோடு போட்டுப் பார்க்கட்டும், புரிந்துவிடும்.

தேரூர்க் கவிமணி ஆசிரியராக இருந்துகொண்டேதான் பிள்ளைகளுக்குப் பாடினார். இங்கே இருக்கிற ஆசிரியர்களும் எழுதத் தயங்க வேண்டாம். வகுப்பில் பிள்ளை தப்பாகச் சொல்லும் விடைகளைத் தினமும் கேட்பவர்கள் நீங்கள்தான். இந்தக் கதைகளுக்கு வேண்டிய சரக்கு அதுதான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கதை முடிந்த பக்கத்தில் பயிற்சி வினா போடாதீர்கள். அரைப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள். பாலத்தை வரைந்து எண்ணிப் பார்க்க அவர்களுக்கு இடம் வேண்டும்.