அம்பு ஏன் தாண்டி ஓடுகிறது?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் கணினி இருப்பவர்கள் இந்த உரை முடிந்ததும் ஒன்று செய்து பாருங்கள். மவுஸை இரண்டு விரற்கடை தூரம் மெதுவாக நகர்த்துங்கள். அம்பு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, பழைய இடத்துக்கு வந்து, அதே இரண்டு விரற்கடையை வெடுக்கென்று இழுங்கள். பெரும்பாலான கணினிகளில் அம்பு இன்னும் தள்ளிப் போயிருக்கும். கை போன தூரம் ஒன்றுதான், வேகம்தான் வேறு. இந்தக் கணக்கை நம் கைக்கு ஏற்ப மாற்றலாம். எங்கே பேசக் கூப்பிட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்.

நம் அம்மாபேட்டையில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடும் பெரியவர் ஒருவர். கட்டம் போட்ட தாளில் பிரஷ்ஷால் புள்ளி வைத்தே பழகியவர். தறிக்கு டிசைனைச் சொல்லும், துளை போட்ட ஜக்கார்டு அட்டைக்கு ஒவ்வொரு கட்டமும் கணக்கு. ஒன்று பிசகினால் அன்னத்தின் மூக்கு கோணிவிடும். மகன், லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் பழைய கணினி ஒன்றை வாங்கி வைத்தார். "தம்பி, கட்டத்துக்கிட்டப் போறேன், இது தாண்டி ஓடிருது" என்றார் பெரியவர். அதற்குள் கண்ணாடியைக்கூட மாற்றிவிட்டார், பாவம்! கண்ணில் குறையே இல்லை. பிரஷ் பிடித்த கை, குட்டிக் குட்டியாக, சட்டுச் சட்டென்று அசைகிறது.

அந்தக் கணினியில் திரையில் ஜன்னல்களையும் அம்பையும் காட்டும் மென்பொருளாக இருந்தது எக்ஸ் விண்டோ அமைப்பு, சுருக்கமாக எக்ஸ். 1984இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்தது; இன்றும் புழங்கும் 11ஆம் பதிப்பு 1987இல் வந்தது. அதில் இரண்டு எண்கள் உண்டு: பெருக்கம், வரம்பு. வழக்கமாக 2, 4. ஒரே அசைவில் 3 புள்ளி நகர்ந்தால் அம்பும் 3 புள்ளிதான். வெடுக்கென்று இழுத்து 10 நகர்ந்தால்? முதல் 4 அப்படியே, மீதி 6 இரட்டித்து 12, ஆக 16. மறுபடி சொல்கிறேன், வரம்பு வரை அப்படியே, தாண்டியது மட்டும் பெருகும்.

முதலில் பெருக்கத்தை 1 ஆக்கினோம். கட்டம் சரியாக விழுந்தது, ஆனால் பார்டரின் அந்தக் கோடிக்குப் போக மவுஸைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியதாயிற்று. அப்புறம் வரம்பை 10க்கு ஏற்றி, பெருக்கத்தை ஒன்றரை ஆக்கினோம். பின்னமும் கொடுக்கலாம், அதற்கென்றே தொகுதி, பகுதி என்று இரண்டு இடம் வைத்திருக்கிறார்கள். பெரியவர் பேச்சே இல்லாமல் அன்னத்தை முடித்தார்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, புது லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வரி: மவுஸின் அசைவைக் கவனிக்கும் லிபின்புட் என்ற மென்பொருளில் 'ஃபிளாட்' என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதில் கை வேகத்துக்கேற்பப் பெருகாது. எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் இதெல்லாம் திரையை நிர்வகிக்கும் நிரலின் பொறுப்பு. எக்ஸில் நிரல் எழுதும் பிள்ளைகளே, இந்த எண்கள் உங்கள் ஜன்னலுக்கு மட்டுமல்ல, அந்தத் திரை முழுவதற்கும் பொது. மாற்றுமுன் பழைய எண்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, வெளியேறும்போது திருப்பி வையுங்கள். வணக்கம்.