கயிறு காட்டிய கணக்கு
(பாம்பன் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்த் தலைவர் அவர்களே, ஞாயிறு பூசை முடிந்த கையோடு வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத்துப் பெரியவர்களே, என்னோடு பணியாற்றி இன்று தலைமையாசிரியையாக உயர்ந்திருக்கும் சகோதரி அவர்களே, மீன் ஏலத்தை முடித்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். பந்தல் போட்டுத் தந்த மீனவர் சங்க இளைஞர்களுக்கு என் நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: ஒரு நோயின் பெயர், அது மனத்தில் ஊன்றும் ‘நான் பருமன்’ என்ற பொய் நம்பிக்கை, வீட்டாரும் ஊராரும் செய்ய வேண்டியது.

பெயர் அனோரெக்ஸியா நெர்வோசா. 1873இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் சூட்டியது. அனோரெக்ஸியா என்றால் பசியின்மை. பெயரே பிழை, பசி இருக்கிறது, அதை அடக்கி ஆள்வதுதான் நோய்.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். என்னிடம் படித்த 15 வயதுப் பெண் ஒருத்தி. காலைச் சோற்றை நாய்க்கு வைத்துவிட்டுப் பள்ளிக்கு வருவாள். மணிக்கட்டு சுள்ளியாகிவிட்டது. ‘டீச்சர், என் வயிறு பானையாகத் தொங்குகிறது’ என்பாள். ஒரு மாலை அவள் வீட்டுக்குப் போனேன். தகப்பனார் திண்ணையில் வலை முடைந்துகொண்டிருந்தார். நீலக் கயிறு ஒன்றை எடுத்து, ‘உன் இடுப்பளவுக்குத் தரையில் ஒரு வட்டம் போடம்மா’ என்றேன். போட்டாள். போதாதென்று இன்னும் அகட்டினாள். பிறகு தாய் வேறொரு கயிற்றை அவள் இடுப்பில் சுற்றி, அளவு பார்த்து, அதே வட்டத்துக்குள் வைத்தார். அண்டாவுக்குள் சொம்பு போலக் கிடந்தது. ‘அம்மா இறுக்கிவிட்டாள்’ என்றாள். தளர்த்தி அளந்தோம். ‘மூச்சை இழுத்துப் பிடித்திருந்தேன்’ என்றாள். அவளையே அளக்கச் சொன்னோம். ‘கயிறு நனைந்து சுருங்கியிருக்கிறது’ என்றாள். தகப்பனார் தலை நிமிராமல், ‘காய்ந்த கயிறு, தாயி’ என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவள் பொய் சொல்லவில்லை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்! இந்த நோய் உள்ளவர்களில் சிலர், ‘நான்தான் தவறாகப் பார்க்கிறேனோ’ என்று இடையிடையே தயங்குவார்கள். சிலரிடம் அந்தத் தயக்கமும் இராது. எந்தச் சான்றும் அசைக்காது. பட்டினி அந்தப் பிடியை மேலும் இறுக்கும். 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், நல்ல உடல்நலமுள்ள 36 ஆண்கள் ஆய்வுக்காக அரைவயிற்றுக்கு உண்டார்கள். அவர்களுக்கே நினைப்பெல்லாம் சோறாகி, சமையல் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினார்கள். ஆகவே முதலில் உடல் தேற வேண்டும். வாதம் அதற்குப் பிறகு.

அந்தப் பெண்ணுக்குக் காற்றுக் கருப்பு என்றார்கள் உறவினர்கள். நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, தர்காவில் குணமாகும் என்று கொண்டுவந்து சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி எரிந்தார்கள். 28 உயிர்கள். தர்காவில் வேண்டிக்கொள்ளுங்கள், மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுங்கள், நானும் ஏற்றுகிறேன். மருத்துவரிடமும் போங்கள்.

போவதற்குத்தான் எவ்வளவு தூரம்! அவளை மதுரைக்கு அழைத்துப் போனார்கள். ஒவ்வொரு முறையும் தகப்பனாருக்கு ஒரு நாள் கடல் போயிற்று. எட்டு மாதத்தில் எடை ஏறியது. அதன் பிறகு அவள் போட்ட வட்டம் சுருங்கியிருந்தது. ஆனாலும் உண்மை அளவைவிட ஒரு சாண் அதிகம்தான். இன்னும் போய்வருகிறாள்.

ஆகவே என் கோரிக்கை இது: வாரம் ஒரு நாள் ஒரு மனநல மருத்துவர் இந்தத் தீவுக்கு வந்து உட்கார வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சிகிச்சையை நம் உரிமை என்கிறது. 14416 என்ற அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மனு பந்தல் வாசலில், மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறேன்.