6 அடிக் கம்பு, 12 அடி ஆழம்: தக்கைக்கு ஸ்டாப்பர் போடுவது எப்படி?

வணக்கம் மக்களே! கையில் இருப்பது 6 அடித் தூண்டில் கம்பு. குளத்து மடைப் பக்கம் தண்ணீர் 12 அடி. தக்கையை, அதாவது மிதவையை, தூண்டில் நரம்பில் இறுக்கிக் கட்டி, அதற்குக் கீழே 12 அடிக்குத் தூண்டில் முள்ளைத் தொங்கவிட்டால் எப்படி வீசுவீர்கள்? பாதி நரம்பு கரையிலேயே கிடந்து கோரையில் சிக்கும். இதைத் தீர்ப்பது நரம்பை இறுகப் பிடித்து நிற்கும் எள் அளவு ரப்பர், அதுதான் ஸ்டாப்பர்.

(உள்ளங்கையில் ஸ்டாப்பர், நெருக்கத்தில்)

தக்கையைக் கட்டாமல் நரம்பில் ஓடவிடுங்கள். வீசும்போது அது கீழே ஈயக் குண்டின் பக்கத்தில் நிற்கும். ஸ்டாப்பர் சின்னது, கம்பு வளையத்துக்குள் நுழைந்து ரீலிலேயே சுற்றிக்கொள்ளும். தண்ணீரில் விழுந்ததும் ஈயம் இறங்க, நரம்பு தக்கைக்குள் ஓடும். ஸ்டாப்பர் வந்து முட்டியதும் நின்றுவிடும். முள் நிற்கிற ஆழத்தை முடிவு செய்வது அதுதான்.

நம் திருநெல்வேலிப் பக்கம் இது ரொம்பவே உதவும். மானூர், விஜயநாராயணம் மாதிரிப் பெரிய குளங்கள் கார்த்திகையில் பெருகும், பிசான நெல்லுக்குத் தண்ணீர் போகப்போக இறங்கும். இன்றைக்கு வைத்த ஆழம் அடுத்த மாதம் ஆகாது. ஸ்டாப்பரை நகர்த்தினால் போதும், எதையும் அவிழ்க்க வேண்டாம்.

கோர்க்கும் வரிசை: மேலே ஸ்டாப்பர் இரண்டு, பாசிமணி, தக்கை, இன்னொரு ஸ்டாப்பர், ஈயம், சுவிவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பு), முள். மேலே ஏன் இரண்டு? ஒன்று மட்டும் என்றால், மீன் கடித்ததும் வெட்டி இழுக்கும்போது வழுக்கும். கம்பி வளையத்தில் வரும் ரப்பர் என்றால் நரம்பு நுனியை வளையத்துக்குள் விட்டு மடித்து, எச்சில் தொட்டு, ரப்பரை நரம்புக்குத் தள்ளுங்கள்.

சரி, ரப்பர் கிடைக்கவில்லையா? எனக்கு இதைவிடப் பிடித்தது நூல் முடிச்சுதான்! ஒரு சாண் நூலை நரம்போடு ஒட்டி வைத்து, ஒரு வளையம் விட்டு, நூலின் ஒரு நுனியால் நரம்பையும் சேர்த்து அந்த வளையத்துக்குள் ஐந்து சுற்று சுற்றுங்கள். இரண்டு நுனியையும் மெதுவாக இழுங்கள். முழுதாக இறுக்கும் முன் கட்டாயம் நனைக்க வேண்டும். பூ கட்டுகிறவர்கள் வாழைநாரை நனைத்துக்கொண்டுதானே கட்டுவார்கள்? நார் நனைந்தால் வளைந்து கொடுக்கும். இங்கே காரணம் வேறு: காய்ந்த முடிச்சு உரசினால் சூடு பிறக்கும், நைலான் அந்த இடத்தில் பலம் இழக்கும். பெரிய கட்லா மாட்டும் அன்றைக்கு அங்கேயே அறும்.

அப்புறம், நூல் நுனியை ஒட்ட நறுக்காதீர்கள். குட்டை நுனி முள் மாதிரி விறைத்து வளையத்தில் தட்டும். 2 செ.மீ. விட்டால் மடிந்து சத்தமில்லாமல் போகும். பாசியையும் விடாதீர்கள். பாசி இல்லாவிட்டால் முடிச்சு தக்கை ஓட்டைக்குள் புகுந்துவிடும், ஆழக் கணக்கே போச்சு.

(தக்கை தண்ணீரில்)

இப்போது தக்கையைப் பாருங்கள். படுத்தே கிடந்தால் ஈயம் தரையில் கிடக்கிறது என்று அர்த்தம். ஸ்டாப்பரை முள் பக்கமாக ஒரு சாண் இறக்கி மறுபடி வீசுங்கள். தக்கை நிமிர்ந்தால் ஈயம் தரையை விட்டுத் தொங்குகிறது. கெளுத்திக்குத் தரை ஒட்டியே இரை இருக்கட்டும், ஜிலேபிக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். நின்ற தக்கை திடீரென்று உயர்ந்து படுத்தால் சும்மா இருக்காதீர்கள்! இரையெடுத்த மீன் ஈயத்தையும் சேர்த்துத் தூக்குகிறது. முங்கினால்தான் வெட்டுவேன் என்று காத்திருந்தால் புழு போய்விடும்.

குத்தகைக் குளம் என்றால் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். கூந்தன்குளம் பறவைகளுக்கானது, அங்கே தூண்டிலே வேண்டாம். அறுந்த நரம்பை எந்தக் கரையிலும் விட்டுவராதீர்கள், கொக்கு, நாரை காலில் சுற்றிக்கொள்ளும். உங்கள் ஊர்ப் பக்கம் ஸ்டாப்பருக்கு என்ன போடுகிறீர்கள்? சைக்கிள் வால்வு டியூப்பா, நூலா? கமெண்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோவில் அதையே கட்டிப் பார்ப்போம்.